ரேங்க் சரி, எந்த வகுப்பில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் 'எச்சிலை வைத்தே புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம்' என்று வந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், எண்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான், எண் இல்லாமல் பேசினால் எனக்கே நம்பிக்கை வராது.

முதலில் தலைப்பு. அது தப்பு. நீங்கள் எழுதியிருக்கும் அந்தச் சோதனை புற்றுநோயைத் தேடுவதே இல்லை. எச்சிலோடு சேர்ந்து வரும் செல்களிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதில் குறிப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்து, இந்த ஆளுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமா குறைவா என்று ஒரு மதிப்பெண் போடுகிறார்கள், அவ்வளவுதான். அந்த டி.என்.ஏ. பிறந்தபோதே வந்தது. இருபது வயதில் சோதித்தாலும் எழுபதில் சோதித்தாலும் அதேதான். புற்றுநோய் வருவதற்கு முந்தின நாள் எச்சில் துப்பினாலும், வந்து ஒரு வருஷம் கழித்துத் துப்பினாலும் ஒரே விடைதான் கிடைக்கும். இதைப் போய் 'கண்டுபிடிப்பு' என்று போட்டால், மதிப்பெண் குறைவாக வந்தவர் என்ன நினைப்பார்? எனக்கு நோய் இல்லை என்றுதானே நினைப்பார். நானே அப்படி நினைத்தவன்தான்.

எங்கள் அப்பா புராஸ்டேட் புற்றுநோயில்தான் போனார். இடுப்பு வலிக்கிறது என்றார், வயசானால் மூட்டு தேய்வது சகஜம்தானே என்று எட்டு மாதம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். எலும்புக்குப் பரவிய பிறகுதான் தெரிந்தது. அப்புறம் அண்ணன். 62 வயதில் வேறு எதற்கோ ரத்தம் கொடுத்தபோது பி.எஸ்.ஏ. (ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் சுரக்கும் ஒரு புரதம், ரத்தத்தில் அளப்பது) கூடுதலாக இருந்து, பயாப்ஸி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுத்து, சிகிச்சையும் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். எனக்கு 59 ஆகிறது. எனக்குள் பயம் இருந்தது, ஆனால் பயந்தவன் டாக்டரிடம் போகாமல் இருப்பதற்கு ஆயிரம் காரணம் கண்டுபிடிப்பான், அதில் நான் கெட்டிக்காரன்.

வெளிநாட்டில் இருக்கும் அக்கா மகன்தான் அந்த டப்பாவைக் கொண்டுவந்தான். "மாமா, ஊசி கீசி எதுவும் கிடையாது, துப்பினால் போதும்." விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், அதில் ஒரு கோடு. அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருந்துவிட்டு அந்தக் கோடு வரைக்கும் துப்ப வேண்டும், நுரை கணக்கில் வராது. கேட்க எளிதாக இருக்கிறது, செய்து பார்த்தால் வாய் வறண்டுவிடுகிறது, நுரைதான் வருகிறது. கால் மணி நேரம் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூடியை இறுக்கினால் அதற்குள் அடைத்து வைத்திருக்கும் திரவம் எச்சிலில் இறங்கி டி.என்.ஏ. கெடாமல் பார்த்துக்கொள்கிறது. குலுக்கி, உறையில் போட்டு ஒட்டி, அவனிடமே கொடுத்தனுப்பினேன்.

ஆறு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. மணி வடிவத்தில் ஒரு வளைகோட்டுப் படம், நடுவில் ஒரு பச்சைப் புள்ளி, அதுதான் நான். 41-வது பர்சன்டைல். அதாவது நூறு ஆண்களை ஆபத்து குறைந்தவரிலிருந்து கூடியவர் வரை வரிசையாக நிறுத்தினால் நான் 41-வது ஆள். சராசரிக்குக் கொஞ்சம் கீழே. வீட்டில் ஒரே சந்தோஷம். "அதான் ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சே, இன்னும் என்ன யோசனை?" என்றாள் மனைவி. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வந்தது எனக்கு வராது என்று ஒரு படம் சொல்லிவிட்டது, நானும் நம்பிவிட்டேன். பி.எஸ்.ஏ. எடுக்கலாம் என்று வைத்திருந்த நாளையும் தள்ளிப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, விடைத்தாளைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்கும் பழைய பழக்கத்தில், ரிப்போர்ட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். அடியில், எறும்பு ஊர்வது போல இருந்த எழுத்தில் ஒரு வரி. இந்த மதிப்பெண் ஐரோப்பிய வம்சாவளி ஆண்களின் தரவை வைத்து உருவாக்கப்பட்டது, மற்ற வம்சாவளியினருக்குத் துல்லியம் குறையலாம். அவ்வளவுதான். எவ்வளவு குறையும், எந்தப் பக்கம் குறையும், ஒன்றும் இல்லை. பச்சைப் புள்ளியை முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டவர்கள் இதைக் கடைசிப் பக்கத்தில் பொடியாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு பையன் வீட்டுக்கு வந்து 41-வது ரேங்க் என்றால் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? எத்தனை பேரில், எந்த வகுப்பில் என்பதுதானே. எனக்குத் தெரியாத ஒரு வகுப்பில் என்னை உட்கார வைத்து ரேங்க் போட்டிருக்கிறார்கள்.

அதன் பிறகுதான் இந்த மதிப்பெண்ணை எப்படிப் போடுகிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கணக்கு ரொம்ப எளிது, பத்தாம் வகுப்பு போதும். நம் டி.என்.ஏ.வில் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஆபத்தைக் கூட்டும் எழுத்து ஓர் இடத்தில் 0, 1 அல்லது 2 இருக்கலாம். அதை அந்த இடத்துக்கான எடையால் பெருக்க வேண்டும். எல்லா இடங்களையும் கூட்டினால் மதிப்பெண். ஒவ்வோர் இடமும் தனியாக ஆபத்தைக் கூட்டுவது பெரும்பாலும் ரொம்பக் கொஞ்சம். ஒரு பிரதி ஆபத்தை 1.1 மடங்காக்கினால் இரண்டு பிரதி 1.21 மடங்கு. சில்லறைதான், ஆனால் நூற்றுக்கணக்கான இடத்துச் சில்லறையைச் சேர்த்தால் மூட்டையாகிவிடும். மரபுக்கு இந்த நோயில் பங்கு பெரிது என்பதிலும் சந்தேகம் இல்லை. டென்மார்க், பின்லாந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளின் இரட்டையர்களை வைத்து 2016-இல் வெளியான ஆய்வு, இந்த நோய்க்கான வாய்ப்பு ஆளுக்கு ஆள் மாறுவதில் சுமார் 57 சதவீதம் மரபால் என்று சொல்கிறது. (அந்த இரட்டையர்கள்கூட எந்த ஊர்க்காரர்கள் என்று கவனித்தீர்களா?)

சிக்கல் கூட்டலில் இல்லை, எடையில் இருக்கிறது. அந்த எடைகள் எங்கிருந்து வந்தன? நோய் உள்ள ஆயிரக்கணக்கான ஆண்களையும் இல்லாத ஆயிரக்கணக்கான ஆண்களையும் ஒப்பிட்டு எடுத்தவை. 2021-இல் வந்த பெரிய ஆய்வு 269 இடங்களைச் சொன்னது. 2023-இல் அதைவிடப் பெரியது வந்தது, 451 இடங்கள். ஒன்று கவனியுங்கள், இரண்டு வருஷத்தில் என் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் பழைய பட்டியலில் போட்டால் ஒரு ரேங்க், புதிய பட்டியலில் போட்டால் வேறு ரேங்க் வரலாம். சரி, அந்த 2023 ஆய்வில் நோயாளிகள் 1,56,319 பேர். பல வம்சாவளிகளைச் சேர்த்துச் செய்தது, இந்தத் துறையில் நல்ல முன்னேற்றம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பிரித்துப் பாருங்கள். ஐரோப்பிய வம்சாவளி 1,22,188. ஆப்பிரிக்க வம்சாவளி 19,391. ஆசியர் 10,809. ஹிஸ்பானிக் 3,931. கூட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது. ஐரோப்பியர் மட்டும் 78 சதவீதம். ஆசியர் என்ற தலைப்பிலும் பெரும்பாலும் கிழக்காசியர்தான், தெற்காசியருக்கென்று தனிப் பத்தியே இல்லை. பல வம்சாவளிகள் என்று பெருமையாகச் சொல்லும் ஆய்விலேயே நிலைமை இது. இந்த வகை மரபணு ஆய்வுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் பங்கேற்றவர்களில் சுமார் 79 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளி என்று 2019-இல் ஒரு கட்டுரை கணக்குப் போட்டுக் காட்டியது. உலக மக்கள்தொகையில் அவர்கள் 16 சதவீதம்.

மனுஷன் மனுஷன்தானே, டி.என்.ஏ. எல்லோருக்கும் ஒன்றுதானே, ஒருவரிடம் எடுத்த எடை இன்னொருவருக்கு ஏன் பொருந்தாது என்று என் மனைவி கேட்டாள். நல்ல கேள்வி. எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். இந்த ஆய்வுகளில் பிடிபடும் எழுத்துகளில் பெரும்பாலானவை நோயை உண்டாக்கும் எழுத்துகளே அல்ல, அதற்குப் பக்கத்தில் குடியிருப்பவை. ஒரு வீட்டுக்கு வழி கேட்டால் 'பெரிய புளியமரம் இருக்கும், அதற்கு எதிர் வீடு' என்று சொல்கிறோம் இல்லையா, அந்த மாதிரி. வீடு தெரியாது, மரத்தை வைத்துப் பிடிக்கிறார்கள். ஒரே வம்சாவளியில் தலைமுறை தலைமுறையாக மரமும் வீடும் சேர்ந்தே கைமாறி வருவதால் மரத்தைப் பார்த்தால் வீடு அங்கே இருக்கும். வேறு வம்சாவளிக்குப் போனால் மரம் ஒரு தெருவில், வீடு வேறு தெருவில். ஆப்பிரிக்க வம்சாவளியில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் மனித இனம் தோன்றி மிக நீண்ட காலமாக வாழ்ந்துவரும் இடம் அது. எத்தனையோ தலைமுறையாக டி.என்.ஏ. துண்டுகள் வெட்டி ஒட்டிக் கலைந்து வந்திருப்பதால், சேர்ந்தே பயணம் செய்யும் துண்டுகள் அங்கே சின்னவை. ஐரோப்பாவில் போட்ட வழிகாட்டியை வைத்துக்கொண்டு அங்கே போனால் மரத்தடியில் நின்று முழிக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, சில எழுத்துகள் சில வம்சாவளிகளில் மட்டுமே இருக்கின்றன. 8-வது குரோமோசோமில் 8க்யூ24 என்று ஒரு பகுதி. புராஸ்டேட் புற்றுநோய் பற்றிப் படிக்கிறவர்கள் இந்தப் பெயரைத் தாண்டிப் போகவே முடியாது, 2006-இலிருந்து பேசப்படுகிறது. அந்தப் பகுதியில் ஓர் எழுத்து மாற்றம், கிட்டத்தட்ட ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களிடம் மட்டுமே காணப்படுவது, ஆபத்தைச் சுமார் இரண்டு மடங்காக்குகிறது. மற்ற இடங்கள் எல்லாம் 1.1 மடங்கு என்று சில்லறை கூட்டிக்கொண்டிருக்கும்போது இது ஒரே இடத்தில் இரண்டு மடங்கு. ஐரோப்பியர்களை மட்டும் வைத்து ஆய்வு செய்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது, மதிப்பெண்ணில் இதற்கு எடை பூஜ்யம். எச்.ஓ.எக்ஸ்.பி.13 என்ற மரபணுவும் அப்படித்தான். 2012-இல் அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து இது பரம்பரை புராஸ்டேட் புற்றுநோய்க்குக் காரணம் என்றார்கள். அந்தப் பிழை முக்கியமாக வட ஐரோப்பிய வம்சாவளியில் வருவது. அதே மரபணுவில் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு வேறோர் இடத்தில் வேறொரு பிழை இருப்பது பிறகுதான் தெரிந்தது. ஐரோப்பியப் பிழையை மட்டும் தேடும் சோதனை ஒன்றை அந்த ஆணிடம் செய்தால் 'பிழை இல்லை' என்றுதான் வரும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, சரி, இந்த மதிப்பெண்ணே குப்பை என்று தூக்கிப் போட நான் தயாராக இருந்தேன். அதுவும் நியாயமில்லை. 2021 ஆய்வில் மதிப்பெண் மிக அதிகமாக இருந்த பத்தில் ஒரு பங்கு ஆண்களுக்கு, நடுவில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால், ஆபத்து ஐரோப்பிய வம்சாவளியில் சுமார் 5.06 மடங்கு, ஆப்பிரிக்க வம்சாவளியில் 3.74 மடங்கு. குறைகிறது, ஆனால் செத்துப் போகவில்லை. 3.74 மடங்கு என்பது சின்ன விஷயமா? எத்தனை வம்சாவளியைச் சேர்த்து எடை போடுகிறார்களோ அவ்வளவுக்கு இந்த இடைவெளி சுருங்கும் என்பதுதான் இதில் எனக்குத் தெரியும் நல்ல செய்தி.

அதே ஆய்வில் வேறோர் எண்ணும் உண்டு, அதைத்தான் நான் பயத்தோடு பார்க்கிறேன். ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களின் சராசரி மதிப்பெண் சொல்லும் ஆபத்து ஐரோப்பியரைவிட 2.18 மடங்கு, கிழக்காசியருக்கு 0.73 மடங்கு. இந்த மாதிரி எண் பத்திரிகைத் தலைப்புக்கு ரொம்ப வசதி. 'கறுப்பினத்தவர் மரபணுவிலேயே நோய்' என்று யாராவது போட்டுவிடுவார்கள், தயவுசெய்து நீங்கள் போடாதீர்கள். அமெரிக்காவில் கறுப்பின ஆண்கள் இந்த நோயில் இறப்பது வெள்ளையர்களைப் போல் சுமார் இரண்டு மடங்கு, அது உண்மை. ஆனால் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில், எல்லோருக்கும் ஒரே மாதிரி சிகிச்சை கிடைக்கும் இடத்தில், பார்த்தபோது அந்த இறப்பு இடைவெளி பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. நோய் வருவதில் மரபுக்குப் பங்கு இருக்கலாம், செத்துப் போவதில் யார் எப்போது டாக்டரைப் பார்க்க முடிந்தது என்பதற்கும் பங்கு இருக்கிறது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்கக் கூடாது.

'மடங்கு' என்ற சொல்லே ஆபத்தானது, இதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எதன் மடங்கு? பிரிட்டனில் எடுத்த கணக்குப்படி வாழ்நாளில் புராஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்படுவது வெள்ளையின ஆண்களில் 8-இல் ஒருவருக்கு, கறுப்பின ஆண்களில் 4-இல் ஒருவருக்கு, ஆசிய ஆண்களில் 13-இல் ஒருவருக்கு. மூன்று பேருக்கும் தத்தம் கூட்டத்தில் ஒரே ரேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் இருக்கிறார்கள். கறுப்பின ஆணுக்கு அந்த 'நடு' என்பதே மற்றவர்களின் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கலாம். ரிப்போர்ட்டில் மூன்று பேருக்கும் ஒரே பச்சைப் புள்ளி! ரேங்க் மட்டும் போட்டு, 80 வயதுக்குள் உங்களுக்கு வரும் வாய்ப்பு நூற்றில் இத்தனை என்று சொல்லாத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான்.

உங்கள் செய்தியில் மேற்கோள் காட்டியிருந்த பிரிட்டன் ஆய்வுக்கு வருகிறேன், பார்கோடு1 என்பது அதன் பெயர், 2025-இல் வெளியானது. 55 முதல் 69 வயது வரையிலான 6,393 பேருக்கு 130 இடங்களைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். மேல் பத்து சதவீதத்துக்கான வரம்பைத் தாண்டியவர்கள் 745 பேர். அவர்களில் எம்.ஆர்.ஐ.யும் பயாப்ஸியும் செய்துகொண்டவர்கள் 468. புற்றுநோய் இருந்தது 187 பேருக்கு, அதாவது 40 சதவீதம். அதில் சிகிச்சை தேவைப்படக்கூடிய அளவுக்கு இருந்தது 103. அந்த 103-இல் 74 பேரை, வழக்கமான பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ. வழியில் போயிருந்தால் பிடித்தே இருக்க முடியாது. இது உண்மையிலேயே பெரிய விஷயம், உங்கள் நிருபர் உற்சாகப்பட்டதில் தப்பில்லை. ஆனால் அவர் விட்டுவிட்ட இரண்டு விஷயங்கள் உண்டு. பயாப்ஸி எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு ஒன்றும் இல்லை. மதிப்பெண் அதைவிடக் குறைவாக வந்த மற்ற ஆண்களுக்குப் பயாப்ஸி எடுத்துப் பார்க்கவே இல்லை, அதனால் அங்கே எத்தனை பேருக்கு இருந்திருக்கும் என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது. முக்கியமாக, மதிப்பெண் ஐரோப்பிய வம்சாவளிக்கானது, பங்கேற்றவர்களும் அவர்கள்தான். செய்தியில் 'ஆண்கள்' என்று மட்டும் இருந்தது.

இன்னொரு பெரிய ஓட்டை, இதற்கும் வம்சாவளிக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. புராஸ்டேட் புற்றுநோயில் இரண்டு ரகம் என்று வைத்துக்கொள்ளலாம், ஒன்று மெல்ல வளரும் ஆமை, ஒன்று வேகமாகப் பரவும் முயல். ஆமை ரகம் வந்தவர்களில் பலர் அதோடு வாழ்ந்து, வேறு ஏதோ காரணத்தில் போய்ச் சேருவார்கள். பிரிட்டனில் புரொடெக்ட் என்ற ஆய்வில் ஆரம்ப நிலையில் கண்டறியப்பட்ட 1,643 பேரை 15 வருஷம் பின்தொடர்ந்தார்கள். அறுவை சிகிச்சை செய்தாலும், கதிர்வீச்சு கொடுத்தாலும், கவனித்துக்கொண்டு சும்மா இருந்தாலும், சுமார் 97 சதவீதம் பேர் அந்தப் புற்றுநோயால் சாகவில்லை. நமக்குத் தெரிய வேண்டியது முயல் யாருக்கு வரும் என்பது. இந்த மதிப்பெண் புராஸ்டேட் புற்றுநோய் வருமா என்பதைச் சொல்லும், ஆமையா முயலா என்பதைப் பெரிதாகப் பிரித்துச் சொல்வதில்லை. பி.ஆர்.சி.ஏ.2 போன்ற ஒற்றை மரபணுப் பிழைகள் முயல் பக்கம் சாய்பவை, ஆனால் அதற்குத் தனிச் சோதனை. 41-வது ரேங்க் வாங்கிய எனக்கு அது பார்க்கப்படவே இல்லை என்பதும் அந்தப் பொடி எழுத்தில்தான் இருந்தது.

ஏன் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பதற்கு ஒரு காரணம் யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். இந்த ஆய்வுகளில் 'நோயாளி' என்று எண்ணப்பட்டவர்களில் ஏராளமானோர் பி.எஸ்.ஏ. சோதனையால் பிடிபட்டவர்கள். பி.எஸ்.ஏ. எவ்வளவு சுரக்கும் என்பதும் ஆளுக்கு ஆள் பிறவியிலேயே மாறுவது. 2023-இல் ஓர் ஆய்வு அதற்கு மட்டும் 128 இடங்களைக் கணக்கில் எடுத்தது. ஆக, சும்மாவே பி.எஸ்.ஏ. அதிகம் சுரக்கும் ஆளுக்கு ரத்தத்தில் அது 4 என்ற வழக்கமான வரம்பைத் தாண்டும், பயாப்ஸி எடுப்பார்கள், தேடினால் ஏதாவது ஓர் ஆமை கிடைக்கும், அவர் 'நோயாளி' பட்டியலில் ஏறுவார், அவர் மரபணு 'ஆபத்து மரபணு' ஆகிவிடும். எந்தச் சமூகத்தில் பி.எஸ்.ஏ. அடிக்கடி எடுக்கிறார்களோ அங்கே ஆமைகள் அதிகம் எண்ணப்படும், எங்கே எடுப்பதே இல்லையோ அங்கே எலும்புக்குப் பரவிய முயல்கள் மட்டும் எண்ணப்படும். இரண்டையும் கூட்டி எடை போட்டால் தராசு எந்தப் பக்கம் சாயும்?

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கடைசியில் டாக்டரிடம் போனேன். அவர் பச்சைப் புள்ளியை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மூடி வைத்தார். "அப்பாவுக்கு எத்தனை வயதில் வந்தது? அண்ணனுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "உங்கள் எச்சிலைவிட உங்கள் குடும்பம் எனக்கு அதிகம் சொல்கிறது" என்றார். அப்பாவுக்கோ சகோதரனுக்கோ ஒருவருக்கு இருந்தாலே ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல், இரண்டு பேருக்கு இருந்தால் அதைவிட நிறைய. அந்தக் கேள்விக்கு எந்தக் குழாயும் தேவையில்லை, எந்த வம்சாவளிக்காரனுக்கும் பொருந்தும். ரிப்போர்ட் தந்த நிறுவனத்தின் படிவத்தில் அந்தக் கேள்வி இருந்தது, நானும் பூர்த்தி செய்திருந்தேன், ஆனால் மதிப்பெண்ணில் அதைச் சேர்க்கவில்லை! ரத்தம் எடுத்தார்கள். இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த வருஷம் திரும்ப வரச் சொன்னார். இரண்டு மாதம் வீணாகப் போனதுதான் மிச்சம். என்னைப் போல் சந்தோஷப்பட்டு இரண்டு வருஷம் தள்ளிப் போட்டவர் யாராவது இருப்பார், அவர் கதி என்ன?

வம்சாவளி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆப்பிரிக்கா என்று ஒரு பெட்டியில் அடைப்பதே தப்பு. கானா, நைஜீரியா, செனகல், உகாண்டா, தென்னாப்பிரிக்கா ஆண்களை வைத்து 2024-இல் வந்த ஆய்வு, அந்த நாடுகளுக்குள்ளேயே ஆபத்து எழுத்துகள் ஒரே மாதிரி இல்லை என்று காட்டியது. அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் எடுத்த எடை உகாண்டாக்காரருக்கு அப்படியே பொருந்தும் என்று யார் சொன்னது? அம்மா ஒரு கண்டம், அப்பா ஒரு கண்டம் என்று பிறந்தவர் எந்தப் பெட்டியில் டிக் அடிப்பார்? டி.என்.ஏ.விலிருந்தே கலவையைக் கணக்கிட்டு, துண்டு துண்டாக அந்தந்த வம்சாவளி எடையைப் போடும் முறைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் எடை போடுவதற்கே ஆட்கள் இல்லாத வம்சாவளிக்கு எந்த முறை வந்து என்ன பிரயோஜனம்.

ஆட்களைச் சேர்க்கும் வேலை நடக்கவில்லை என்று சொல்லவில்லை. ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கென்றே மேட்கேப் என்ற கூட்டமைப்பு, ஆப்பிரிக்க நாடுகளில் இருக்கும் மருத்துவ மையங்களோடு சேர்ந்து மாதிரிகள் சேகரிக்கிறது, அந்த மக்களின் டி.என்.ஏ. எழுத்துகளைப் படிக்க ஏற்ற சிப் ஒன்றையும் தனியாக வடிவமைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் டிரான்ஸ்ஃபார்ம் என்று 4 கோடியே 20 லட்சம் பவுண்டு செலவில் 2023-இல் அறிவித்த ஆய்வில் பி.எஸ்.ஏ., விரைவு எம்.ஆர்.ஐ., எச்சில் சோதனை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்ப்பதுதான் திட்டம், அழைக்கப்படுகிறவர்களில் குறைந்தது பத்தில் ஒருவர் கறுப்பின ஆணாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. இந்த மாதிரி விதியை ஆரம்பத்திலேயே எழுதி வைக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. பின்னால் அடிக்குறிப்பு போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

உங்களிடம் நான் கேட்பது ரொம்பச் சின்னது. அடுத்த தடவை இப்படிச் செய்தி போடும்போது, யாரை வைத்துச் சோதித்தார்கள் என்பதை இரண்டாவது வரியிலேயே போடுங்கள், கடைசியில் அல்ல. 'கண்டுபிடிக்கும்' என்பதை எடுத்துவிட்டு 'வாய்ப்பைக் கணிக்கும்' என்று போடுங்கள். மடங்கு என்று எழுதினால் எதன் மடங்கு என்றும் எழுதுங்கள். இடம் இல்லையென்றால் அந்தப் பச்சைப் புள்ளிப் படத்தை எடுத்துவிடலாம், யாரும் அழமாட்டார்கள்.

அந்த நிறுவனத்துக்கும் எழுதினேன், பெயர் வேண்டாம். என் வம்சாவளிக்காரர்கள் எத்தனை பேரை வைத்து எடை போட்டீர்கள் என்று ஒரே கேள்வி. 'புதிய தரவுகள் கிடைக்கும்போது உங்கள் முடிவு புதுப்பிக்கப்படும்' என்று பதில் வந்தது, கேட்ட கேள்விக்கு விடை இல்லை. தரவு வேண்டுமென்றால் என் எச்சிலையே ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று திரும்ப எழுதினேன். உடனே ஒப்புதல் படிவம் அனுப்பினார்கள், 14 பக்கம். பொறுமையாகப் படித்தேன், யாருக்கெல்லாம் கொடுப்பார்கள், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாமா என்றெல்லாம் பார்த்துவிட்டுக் கையெழுத்துக்கு வந்தால், அதற்கு முன்னால் ஒரு கட்டாயக் கேள்வி. உங்கள் வம்சாவளி எது, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும். ஐந்து பெட்டிகள். முதல் நான்கிலும் நான் இல்லை. ஐந்தாவதில் 'பிற' என்று இருந்தது, அதில் டிக் செய்து அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்